மூடிய அறையில் விசாரித்தால் பெயர் மறைந்துவிடாது

கணவரை எய்ட்ஸ் நோய்க்குப் பறிகொடுத்த பெண்ணொருவரின் பாகப்பிரிவினை வழக்குரை (வழக்கைத் தொடுக்கத் தாக்கல் செய்யும் ஆவணம்) அண்மையில் என் பார்வைக்கு வந்தது. முதல் பக்கத்தில் அவருடைய பெயர், தகப்பனார் பெயர், கதவிலக்கம், ஊர் எல்லாம் இருந்தன. நான்காம் பத்தியில் அவருக்கும் எச்.ஐ.வி. தொற்று உண்டு என்று எழுதியிருந்தது. வாரிசுரிமைப்படி பங்கு கேட்பவரின் வழக்குரையில் இந்த விவரத்துக்கு என்ன வேலை? கேட்டால், "இன்-கேமராவில் விசாரிக்கக் கோரிக்கொள்ளலாம்" என்பதே பதில். இப்படிப்பட்ட வழக்குரைகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

இன்-கேமரா விசாரணை என்பது, விசாரணையின்போது தொடர்பில்லாதவர்களை அறையைவிட்டு வெளியே அனுப்புவது மட்டுமே. அன்றைய வழக்குப் பட்டியலில் பெயர் இருக்கும். நீதிமன்ற வழக்கு விவரங்களைத் தரும் இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரைக் கொடுத்துத் தேடினால் வழக்கு எண்ணும் வாய்தா தேதிகளும் கிடைக்கும். தீர்ப்பு பதிவேற்றப்பட்டால் நான்காம் பத்தியின் சாரமும் சேர்ந்தே ஊருக்குப் போகும். 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டத்தின் 34ஆவது பிரிவு, புனைபெயரில் வழக்கை நடத்துவது, இன்-கேமரா விசாரணை, அடையாளத்தை வெளியிடத் தடை ஆகிய மூன்றையும் தனித்தனி ஆணைகளாகவே வைத்திருக்கிறது. கேட்காததை நீதிமன்றம் தானாகத் தந்துவிடும் என்று இருக்கக் கூடாது; மூன்றையும் ஒரே மனுவில் கேளுங்கள். தொற்றாளருடன் ஒரே வீட்டில் வாழ்பவர்களும், இறந்துபோன தொற்றாளருடன் வாழ்ந்தவர்களும் தங்களுக்குத் தொற்று இல்லாவிட்டாலும் இந்தப் பாதுகாப்பைக் கோரலாம் என்பது பல வழக்கறிஞர்களுக்கே தெரிவதில்லை.

"பெயரில்லாத வழக்குரையை எப்படி எண்ணிடுவது?" என்று நீதிமன்ற அலுவலகத்தில் திருப்பினால் தயங்க வேண்டாம். உண்மைப் பெயருள்ள ஆவணத் தொகுதியை முத்திரையிட்ட உறையிலும், புனைபெயருள்ள தொகுதியை வழக்குக் கட்டிலும் வைக்குமாறு மனுவிலேயே கோருங்கள். இச்சட்டம் வருவதற்கு இருபது ஆண்டுகள் முன்பே, 1997இல், வேலை மறுக்கப்பட்ட தற்காலிகத் தொழிலாளி ஒருவரின் வழக்கைப் பம்பாய் உயர் நீதிமன்றம் புனைபெயரில் நடத்தியிருக்கிறது. 34ஆவது பிரிவை எல்லா நீதிமன்றங்களும் தீர்ப்பாயங்களும் முனைந்து நடைமுறைப்படுத்த வேண்டும் என 2023இல் உச்ச நீதிமன்றமும் ஆணையிட்டுவிட்டது.

மனநோய், காசநோய், கருத்தரிப்புச் சிகிச்சை போன்றவற்றுக்கு இப்படி ஒரு பிரிவு இல்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மருத்துவர்களின் வாயைக் கட்டுமே தவிர, வழக்குத் தலைப்பிலுள்ள பெயரை அழிக்காது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 151ஆவது பிரிவின்படி நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரத்தைத்தான் நாட வேண்டும். திறந்த நீதிமன்றமே பொது விதி என்பதால், வேலை போகும், மகளின் திருமணம் தடைபடும் என்பது போன்ற குறிப்பான பாதிப்புகளைப் பிரமாண வாக்குமூலத்தில் எழுதுங்கள். "மன உளைச்சல்" என்ற ஒற்றைச் சொல் எந்த நீதிபதியையும் அசைக்காது.

மனுவை வழக்குரையோடு சேர்த்தே தாக்கல் செய்யுங்கள். புனைபெயர் வாங்கிய பிறகு, பெயரும் நோயாளிப் பதிவு எண்ணும் தெரியும்படி மருத்துவமனைச் சீட்டைச் சான்றாவணமாக இணைத்துவிடாதீர்கள். வழக்கின் வழியாகத் தெரிந்துகொண்ட தொற்று விவரத்தை நீதிமன்ற ஆணையின்றி வெளியிடுவோருக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு என்பதை எதிர்த்தரப்புக்கு முதல் வாய்தாவிலேயே எழுத்தில் தெரிவியுங்கள். கட்சிக்காரர்களே, வக்காலத்தில் கையெழுத்திடும் முன், உங்கள் நோய் விவரம் எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்று வழக்கறிஞரிடம் கேட்டுப் படித்துப் பாருங்கள். தீர்ப்பு தனியார் சட்டத் தளங்களில் ஏறிய பின் ஒவ்வொரு தளமாக எழுதிக் கெஞ்ச வேண்டியிருக்கும்.