கொழுப்பு வரையா, எலும்பு வரையா? புண்ணுக்குக் குறியீடு பிறக்கும் விதம்

"வலது குதிகாலில் புண். 4 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலம். கொழுப்பு அடுக்கு தெரிகிறது. டைப் 2 சர்க்கரை நோய், நீண்ட காலமாக இன்சுலின்." ஒரு மருத்துவர் இப்படி எழுதினால் மெடிக்கல் கோடர் அதை மூன்று குறியீடுகளாக மாற்றுவார்: இ11.621, எல்97.412, இசட்79.4. அமெரிக்க இன்சூரன்ஸ் நிறுவனத்தின் கணினி முதலில் படிப்பது இந்த மூன்றைத்தான். இதில் ஓர் இலக்கம் பிசகினாலும் கிளெய்ம் திரும்பி வரலாம்.

இந்த மாற்றும் வேலையில் கணிசமான பங்கு சென்னையில் நடக்கிறது. அம்பத்தூர், கிண்டி, பெருங்குடி, ஓ.எம்.ஆர். என்று எங்கே போனாலும் ஒரு கோடிங் அலுவலகம் இருக்கும். நர்ஸிங், பார்மசி, பிசியோதெரபி, மைக்ரோபயாலஜி படித்தவர்கள் உள்ளே உட்கார்ந்திருப்பார்கள். நோயாளியின் தகவல் வெளியே போய்விடக் கூடாது என்பதால் செல்போன் லாக்கரில் இருக்கும். கட்டைப் பிரித்துப் பார்த்த நர்ஸ் அமெரிக்காவில். கோடருக்குக் கிடைப்பது சார்ட்டில், அதாவது நோயாளியின் மருத்துவப் பதிவில், உள்ள சொற்கள் மட்டும். அந்தச் சொற்களிலிருந்து ஒரு புண்ணை மனதுக்குள் கட்டியெழுப்ப வேண்டும். இதை 'டேட்டா என்ட்ரி' என்று சொல்பவர்களைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். உடற்கூறியல் தெரியாமல் இந்த வேலையில் ஒரு நாள்கூட ஓட்ட முடியாது.

இந்தக் குறியீடுகளின் பூர்வீகம் மரணக் கணக்கு. பிரெஞ்சுப் புள்ளியியலாளர் ழாக் பெர்தியோன் 1893-ல் சாவின் காரணங்களை வகைப்படுத்திப் போட்ட பட்டியல்தான் வளர்ந்து, உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி என்ற நோய் வகைப்பாட்டுப் பட்டியல் ஆனது. அதன் பத்தாவது பதிப்பை அமெரிக்கா தன் தேவைக்கேற்ப விரித்து ஐசிடி-10-சிஎம் என்று ஆக்கி, 2015 அக்டோபர் 1 முதல் கட்டாயமாக்கியது. பழைய பதிப்பில் சுமார் 14,000 குறியீடுகள். புதியதில் 70,000-க்கும் மேல். பெருகியதற்கு ஒரு முக்கியக் காரணம் இடது, வலது என்ற பிரிவு.

எல்97.412-ஐ நம் அஞ்சல் பின்கோடு போலப் படிக்கலாம். 600 என்றதும் சென்னை என்று தெரிகிறது, மீதி மூன்று இலக்கம் எந்தத் தபால் நிலையம் என்று சொல்கிறது. அதே மாதிரி எல்97 என்றால் காலில் உள்ள நாள்பட்ட புண், அழுத்தத்தால் வந்தது அல்ல. அடுத்த 4, குதிகாலும் நடுப்பாதமும். அடுத்த 1, வலது. கடைசி 2, கொழுப்பு அடுக்கு வெளியே தெரிகிறது. இ11.621 காரணத்தைச் சொல்கிறது: டைப் 2 சர்க்கரை நோய், அதனால் பாதப் புண். இசட்79.4, நீண்ட காலமாக எடுக்கும் இன்சுலின். காரணம் முதலில், புண் பிறகு. வரிசையை மாற்றிப் போட்டால் தவறு.

அந்தக் கடைசி இலக்கத்தில்தான் விஷயம் இருக்கிறது. 1 என்றால் தோல் மட்டும் பிய்ந்திருக்கிறது. 2 கொழுப்பு. 3 என்றால் தசை அழுகியிருக்கிறது, 4 என்றால் எலும்பு. தசையோ எலும்போ புண்ணுக்குள் அகப்பட்டிருக்கிறது, ஆனால் அழுகவில்லை என்றால் என்ன செய்வது? அதற்கு நெடுநாள் சரியான இடம் இல்லாமல் இருந்தது. 2017 அக்டோபரில் 5, 6 என்ற இலக்கங்கள் சேர்ந்தன. 9 என்றால் ஆழம் எழுதப்படவில்லை என்று பொருள்.

ஆழத்துக்கு ஏன் இவ்வளவு கவனம்? சர்க்கரை நோயில் காலின் நரம்புகள் மெல்ல உணர்விழக்கின்றன. செருப்பு உரசுவதோ ஆணி குத்துவதோ தெரியாது. ஒரே இடத்தில் எடை விழுந்து விழுந்து தோல் காய்த்துப்போகும், காய்ப்புக்கு அடியில் திசு நசுங்கிப் புண்ணாகும். ரத்தக் குழாயும் சுருங்கியிருந்தால் ஆறுவதற்கான ரத்தம் போய்ச் சேராது. தோல் மட்டும் போயிருந்தால் கட்டுப் போட்டு, அந்த இடத்தில் எடை விழாமல் பார்த்துக்கொண்டால் ஆற வாய்ப்பு அதிகம். கொழுப்பு அடுக்கில் ரத்த ஓட்டம் குறைவு, கிருமி எளிதாகப் பரவும். எலும்பில் தொற்று ஏறிவிட்டால் வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக், சில நேரம் விரலையோ பாதத்தையோ எடுக்க வேண்டிய நிலை. ஆகவே ஆழத்தின் இலக்கம் சிகிச்சையின் அளவையும் சொல்லிவிடுகிறது.

மருத்துவர் "சர்க்கரை நோயால் வந்த புண்" என்று வெளிப்படையாக எழுதாமல், சர்க்கரை நோய் என்று ஒரு வரியிலும் பாதப் புண் என்று இன்னொரு வரியிலும் எழுதியிருந்தால்? விதிப்படி இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்றே கோடர் எடுத்துக்கொள்ளலாம், தொடர்பில்லை என்று மருத்துவர் சொல்லாத வரை. ஆனால் அழுத்தத்தால் வரும் "படுக்கைப் புண்" என்று எழுதிவிட்டால் எல்97 போய் எல்89 வந்துவிடும். அது வேறு உலகம்.

படுக்கைப் புண்ணில் ஆழத்துக்குப் பதில் நிலை. முதல் நிலையில் தோல் கிழியாது. விரலால் அழுத்தினாலும் மறையாத சிவப்பு. நான்காம் நிலையில் எலும்போ தசையோ தசைநாரோ தெரியும். புதிதாக வருகிறவர்கள் தடுமாறும் இடம், எல்89.150-உம் எல்89.159-உம். இரண்டும் இடுப்பின் பின்பக்கம், திருவெலும்புப் பகுதி. 150 என்றால் அழுகல் திசு மூடிக்கிடப்பதால் அடியில் எவ்வளவு ஆழம் என்று மருத்துவராலேயே பார்க்க முடியவில்லை. 159 என்றால் பார்க்க முடிந்திருக்கலாம், யாரும் எழுதவில்லை. முன்னது நோயாளியின் நிலை, பின்னது சார்ட்டின் குறை. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் அந்த உடம்பைப் பற்றிப் பொய் சொன்ன மாதிரி.

இந்தப் புண்களில் பணமும் நேரடியாகச் சிக்கியிருக்கிறது. 2008 அக்டோபர் 1 முதல், மருத்துவமனையில் சேர்ந்த பிறகு வந்த மூன்றாம், நான்காம் நிலைப் படுக்கைப் புண்ணுக்காகக் கூடுதல் பணம் தருவதை அமெரிக்க அரசின் முதியோர் காப்பீடான மெடிகேர் நிறுத்திவிட்டது. ஆகவே சேரும்போதே புண் இருந்ததா என்பதற்குத் தனியாக ஓர் எழுத்து உண்டு: ஆம் என்றால் ஒய், இல்லை என்றால் என். முதல் நாள் நோயாளியைப் புரட்டிப் பார்த்து நர்ஸ் எழுதிய குறிப்பு இங்கே பொன்னுக்குச் சமம். புண்ணின் நிலையையும் ஆழத்தையும் நர்ஸின் குறிப்பிலிருந்து எடுக்கலாம் என்று விதி இடம் தருகிறது. ஆனால் அங்கே புண் இருக்கிறது என்ற நோயறிதலை மருத்துவர்தான் எழுதியிருக்க வேண்டும்.

ஏன் சிகிச்சை என்பதை ஐசிடி சொன்னால், என்ன சிகிச்சை என்பதைச் சொல்வது சிபிடி என்ற இன்னொரு குறியீட்டுத் தொகுப்பு. அழுகல் திசுவை வெட்டி எடுக்கும் டிப்ரைட்மென்ட்டையே பாருங்கள். தோல் அளவிலோ மேலே படிந்த அழுகலையோ எடுத்தால் 97597. தோலுக்கு அடியில் உள்ள கொழுப்புத் திசு வரை எடுத்தால் 11042, தசை வரை 11043, எலும்பு வரை 11044. இங்கே கணக்கில் வருவது புண்ணின் ஆழம் அல்ல, வெட்டி எடுத்த திசுவின் ஆழம். எலும்பு தெரியும் புண்ணில் மேலே படிந்த அழுகலை மட்டும் சுரண்டினால் அது 97597தான். முதல் 20 சதுர செ.மீ. வரை ஒரு குறியீடு, அதற்கு மேல் ஒவ்வொரு 20-க்கும் அல்லது அதன் பகுதிக்கும் கூடுதல் குறியீடு. வலது காலில் 12, இடது காலில் 14 சதுர செ.மீ., இரண்டிலும் கொழுப்பு வரை எடுத்தார்கள் என்றால் கூட்ட வேண்டும்: 26. ஒரு 11042, அதோடு கூடுதல் குறியீடாக ஒரு 11045. ஆழம் வெவ்வேறாக இருந்தால் கூட்டக் கூடாது. எலும்பு வரை எடுத்ததாக பில் போட்டுவிட்டு, ஐசிடியில் 'தோல் மட்டும்' என்ற 1 இருந்தால் இரண்டும் ஒத்துப்போகாது. டெனையல் வரும், அதாவது பணம் தர மறுத்துவிடுவார்கள்.

விபத்துக் காயங்களிலும் தையல் விட்டுப்போன அறுவைக் காயங்களிலும் ஏழாவதாக ஓர் எழுத்து சேரும். அதில் ஏ என்றால் முதல் வருகை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, காயத்தைக் குணப்படுத்தும் நேரடிச் சிகிச்சை எத்தனை முறை தொடர்ந்தாலும் 'ஏ'தான். ஆறும் கட்டத்தில் வழக்கமான கவனிப்புக்கு வரும்போது டி.

ஆழம் எழுதாத சார்ட்டில் கோடர் ஊகிக்கக் கூடாது. மருத்துவருக்குக் க்வெரி, அதாவது விளக்கம் கேட்கும் குறிப்பு, அனுப்பலாம். அதிலும் "கொழுப்பு வரை என்று போடட்டுமா?" என்று கேட்கக் கூடாது, பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கொடுத்ததாகிவிடும். "ஆழத்தைக் குறிப்பிடவும்" என்று கேட்டு, பொருந்தக்கூடிய எல்லா வாய்ப்புகளையும், "தீர்மானிக்க இயலவில்லை" என்பதையும் சேர்த்தே முன்வைக்க வேண்டும். அதிகப் பணம் வரும் குறியீட்டை நோக்கி யாரையும் தள்ளாத இந்தக் கட்டுப்பாடு எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

நம் ஊர் டிஸ்சார்ஜ் சம்மரிகளைப் படிக்கும்போது இந்தக் கட்டுப்பாட்டின் அருமை இன்னும் புரிகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். அப்படியிருந்தும் 'டயபெட்டிக் ஃபுட்' (சர்க்கரை நோய்ப் பாதம்) என்ற இரண்டு சொல்லோடு சம்மரி முடிந்துவிடுவதைப் பார்க்கிறேன். எந்தக் கால், எந்த இடம், எவ்வளவு ஆழம், என்ன அளவு என்று எழுதித் தரும்படி அப்பாவுக்காகவோ அம்மாவுக்காகவோ போகிறவர்கள் தயங்காமல் கேட்கலாம். சர்க்கரை நோயாளியின் பாதப் புண் நான்கு வாரச் சிகிச்சையில் பாதியாவது சுருங்கவில்லை என்றால் சிகிச்சையை மறுபடி பரிசீலிக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் பின்பற்றும் அளவுகோல். 12 சதுர செ.மீ. புண் 6-க்கு வந்ததா என்று பார்க்க, முதல் நாளே யாராவது 12 என்று எழுதி வைத்திருக்க வேண்டும்.