பலகையில் 80 என்று வந்தால்

விரைவுச்சாலையில் நூறில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். முன்னால் சாலை நன்றாகத்தான் இருக்கிறது. திடீரென்று தலைக்கு மேலே மின்னணுப் பலகையில் 80 என்று எரிகிறது. "எதற்கு இப்போ?" என்று நினைத்துக்கொண்டு அதே வேகத்தில் கடந்துவிடுகிறீர்கள். போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையில் பல வருடங்களாக ஷிஃப்ட் பார்த்து வருகிறேன். அந்தக் கேள்விக்கு எங்கள் பக்கத்துப் பதிலைச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

நெரிசல் என்றால் விபத்தோ சாலைப் பணியோ ஏதாவது ஒன்று முன்னால் இருக்கும் என்றுதான் நினைப்போம். பல நேரம் எதுவுமே இருக்காது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 கார்களை விட்டு, சீரான வேகத்தில் ஓட்டச் சொன்னார்கள். சிக்னல் இல்லை, தடை இல்லை, வெளியிலிருந்து ஒரு வண்டிகூட உள்ளே வரவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு இடத்தில் கார்கள் நின்று நின்று போக ஆரம்பித்தன. அந்தத் தேக்கம் கார்கள் ஓடும் திசைக்கு எதிராக, மணிக்குச் சுமார் 20 கி.மீ. வேகத்தில் பின்னோக்கி நகர்ந்தது. 2008-ல் வெளியான ஆய்வு அது.

இதை நாங்கள் தினமும் திரையில் பார்க்கிறோம். சிவப்புக் கோடுகள் சாய்வாகப் பின்னோக்கி ஓடும். காலை ஏழே முக்காலுக்கு ஒருவர் போட்ட அவசர பிரேக், மூன்று கி.மீ. பின்னால் வருகிற இன்னொருவரைப் பத்து நிமிடம் கழித்து முழுசாக நிறுத்திவிடும். பிரேக் போட்டவர் அதற்குள் வெகுதூரம் போயிருப்பார். தன்னால் ஒரு நெரிசல் உண்டானதே அவருக்குத் தெரியாது.

ஒரு தடத்தில் மணிக்குச் சுமார் 2,000 வண்டிகள் போகலாம். அதாவது இரண்டு விநாடிக்குள் ஒரு வண்டி. அந்த எல்லையை நெருங்கும்போது யாராவது சட்டென்று தடம் மாறினாலே ஓட்டம் உடைந்துவிடும். உடைந்த பிறகு அதே சாலை முன்பு அனுப்பிய அளவு வண்டிகளை அனுப்பாது. பல இடங்களில் 5 முதல் 15 சதவீதம் வரை குறைகிறது. தேவை உச்சத்தில் இருக்கும் நேரம் பார்த்துச் சாலையின் திறன் சுருங்குகிறது. அதனால்தான் எங்கள் வேலை முழுவதும் உடைவதற்கு முன்னால்தான். உடைந்த பிறகு எந்தத் தொழில்நுட்பத்தாலும் பெரிதாகச் செய்ய முடியாது.

முன்கூட்டியே எப்படித் தெரியும்? தார்ச்சாலையில் ஒரு சிறிய சதுரம் வெட்டி, உள்ளே கம்பியைச் சில சுற்று சுற்றிப் புதைத்திருப்பார்கள். அதில் மெல்லிய மின்னோட்டம் ஓடும். மேலே வண்டியின் உலோகம் வந்ததும் அதன் மின்காந்தப் பண்பு மாறும், ஓரத்தில் உள்ள பெட்டி அதைப் பிடித்துவிடும். அடுத்தடுத்து இரண்டு சதுரம் இருந்தால் வேகமும் கிடைக்கும். ஆனால் நான் முதலில் பார்ப்பது வேகத்தை அல்ல. ஒரு நிமிடத்தில் எவ்வளவு நேரம் அந்தச் சதுரத்தின் மேல் வண்டி இருந்தது என்பதைத்தான். வேகம் நன்றாக இருக்கும்போதே அந்தச் சதவீதம் ஏறத் தொடங்கும். அப்போதுதான் 80 போடுகிறோம், உருவாகத் தொடங்கும் தேக்கத்துக்குப் பின்னால் வருபவர்களுக்கு. அவர்கள் கொஞ்சம் மெதுவாக வந்து சேர்ந்தால் பின்னோக்கி நகரும் அந்தத் தேக்கத்துக்குத் தீனி கிடைக்காது, கரைந்துவிடும். ஐந்து கி.மீ. தூரத்தை நூறில் போனால் மூன்று நிமிடம். 80-ல் போனால் 45 விநாடி கூடுதல். அவ்வளவுதான் நாங்கள் கேட்பது. லண்டனைச் சுற்றும் எம்25 சாலையில் 1995 முதலே இப்படி மாறும் வேக வரம்பு இருக்கிறது.

நுழைவுச் சாலையில் வண்டிகளை ஒவ்வொன்றாக விடும் சிக்னல் மீதும் மக்களுக்குக் கோபம் அதிகம். அமெரிக்காவின் மின்னியாபொலிஸ், செயின்ட் பால் பகுதியில் அந்தக் கோபம் சட்டமன்றம் வரை போய், 2000-ஆம் ஆண்டின் இறுதியில் சுமார் 430 சிக்னல்களை வாரக்கணக்கில் அணைத்துப் பார்த்தார்கள். பயண நேரம் 22 சதவீதமும் விபத்துகள் 26 சதவீதமும் கூடின. சாலை கொண்டுபோன வண்டிகளோ 9 சதவீதம் குறைந்தன. மறுபடி போட்டார்கள். ஆனால் உள்ளூர் நுழைவுகளில் நான்கு நிமிடத்துக்கு மேல் யாரும் காத்திருக்கக்கூடாது என்று வரம்பும் வைத்தார்கள். சரியான முடிவு. மக்களின் கோபத்திலும் நியாயம் இருந்தது.

எங்கள் பக்கமும் தவறு உண்டு. ஒரு இரவு, சாலைப் பணி முடிந்து கூம்புகளையெல்லாம் எடுத்த பிறகும் மூன்று பலகைகளில் 60 எரிந்துகொண்டே இருந்தது. பணிக்குழு சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கேமராவில் பார்த்தேன். முதல் பலகையில் எல்லோருடைய பிரேக் விளக்கும் எரிந்தது. இரண்டாவதில் பாதிப் பேர். மூன்றாவதில் ஒருவர்கூட வேகத்தைக் குறைக்கவில்லை. இவர்களுக்கு அடுத்த முறை உண்மையான எச்சரிக்கை போட்டால் நம்புவார்களா? அன்றிலிருந்து எங்கள் ஷிஃப்டில் பலகை போடுபவர், அதை மறுபடி எப்போது சரிபார்ப்பார் என்ற நேரத்தையும் சேர்த்தே எழுத வேண்டும்.

நம்பிக்கை போனால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தே உதாரணம். ஓரத் தடத்தையும் ஓடும் தடமாக மாற்றிய ஸ்மார்ட் சாலைகள் அங்கே இருக்கின்றன. செலவையும் மக்களுக்கு நம்பிக்கை இல்லாததையும் காரணமாகச் சொல்லி, புதியவை வேண்டாம் என்று அரசே 2023-ல் கைவிட்டது. பழுதான வண்டி ஒதுங்க இடம் இல்லையே என்ற பயம் வீண் பயம் அல்ல.

இதனால்தான் சிவப்புப் பெருக்கல் குறியைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன். ஒரு தடத்துக்கு மேலே அது எரிந்தால் அந்தத் தடம் மூடியாயிற்று என்று அர்த்தம். பெரும்பாலும் அங்கே ஒரு வண்டி நின்றுபோயிருக்கும், உள்ளேயோ பக்கத்திலேயோ ஆள் இருப்பார். குறியைப் போட்டதும் அறையில் பேச்சு நின்றுவிடும். அந்தத் தடத்தில் இன்னும் எத்தனை வண்டி வருகிறது என்று எண்ணிக்கொண்டிருப்போம். நெருங்கி வந்து கடைசி நொடியில் ஒடித்துத் திருப்புகிறவர்தான் எங்களை நடுங்க வைப்பார். அவர் தப்பிவிடுவார், அவருக்குப் பின்னால் ஒட்டி வருபவருக்கு நேரமே இருக்காது. குறி கண்ணில் பட்ட உடனேயே, எதிரில் எதுவும் தெரியாவிட்டாலும், இண்டிகேட்டர் போட்டுப் பக்கத்துத் தடத்துக்கு மாறிவிடுங்கள். மீட்பு வண்டி போய்ச் சேரும் வரை, நின்றுபோனவருக்கு அந்த விளக்கை விட்டால் வேறு பாதுகாப்பு இல்லை.