பவளம் எழுதிய நாட்கணக்கு

1729இல் பிரெஞ்சு வானியலாளர் டி மேரான் ஒரு தொட்டாற்சிணுங்கியை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெயிலே படாதபோதும் பகல் நேரம் வந்தால் அது இலையை விரித்தது; இரவில் மூடிக்கொண்டது. செடிக்குள் ஏதோ ஒரு கடிகாரம் ஓடுகிறது. ஆனால் அது நேற்றைய கணக்கை எங்கும் எழுதி வைப்பதில்லை. செடி பட்டுப்போனால் கணக்கும் போயிற்று.

எனக்கு வியப்பூட்டுபவை எழுதி வைக்கும் கடிகாரங்கள். மரத்தின் ஆண்டு வளையம் எல்லோரும் அறிந்தது. மீனின் காதுக்குள் இருக்கும் பொடிக்கல்லில் நாளுக்கொரு வளையம்கூட விழுகிறது. ஆனாலும் பவளம் எழுதிய கணக்குக்கு ஈடில்லை.

பவளப்பூச்சி கடல்நீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரித்துக் கூடு கட்டுகிறது. இன்றைய பவளங்கள் பலவற்றின் திசுவுக்குள் பாசிகள் குடியிருக்கின்றன. வெயிலில் அவை உணவு தயாரிக்கும்போது கட்டுமான வேலை வேகம் பிடிக்கும், இருட்டினால் மந்தமாகும். இந்த ஏற்றத்தாழ்வு கூட்டின் புறத்தோலில் நாளுக்கொரு மெல்லிய வரியாகப் பதிகிறது. பருவம் மாறும்போது வளர்ச்சியும் மாறுவதால் ஓர் ஆண்டு எங்கே முடிந்தது என்பதும் தெரியும்.

அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் ஜான் வெல்ஸ் இந்த வரிகளை எண்ணினார். இன்றைய பவளத்தில் ஆண்டுக்குச் சுமார் 360. அடுத்து, 35 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய டெவோனியன் காலப் பவளப் புதைபடிவங்களை எடுத்தார். அவற்றில் சுமார் 400! 1963இல் இதை வெளியிட்டார்.

பூமி சூரியனைச் சுற்றும் காலம் பெரிதாக மாறவில்லை. அப்படியானால் மாறியது நாளின் நீளம். ஓர் ஆண்டின் 8,766 மணி நேரத்தை 400ஆல் வகுத்தால், அன்றைய ஒரு நாள் 22 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. காரணம் நிலா. அதன் ஈர்ப்பால் எழும் ஓதங்கள், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கங்கள், பூமியின் சுழற்சிக்குச் சிறிதுசிறிதாகத் தடை போடுகின்றன. பூமி இழக்கும் சுழல் உந்தத்தைப் பெற்று நிலா விலகிப் போகிறது. இன்றும் ஆண்டுக்குச் சுமார் 3.8 சென்டிமீட்டர் விலகுவதை லேசர் கொண்டு அளக்கிறார்கள். வானியலாளர்கள் இந்தத் தடையை வைத்துப் போட்டிருந்த கணக்கும் 400ஐ ஒட்டியே வந்தது. வானத்தைப் பார்த்துப் போட்ட கணக்கைக் கடலடிப் பூச்சி சரிபார்த்துக் கொடுத்துவிட்டது.

இன்றைய பவளத்தில் 365 அல்லவா இருக்க வேண்டும் என்று கேட்டால், கேள்வி நியாயம்தான். சில நாட்களின் வரி பதியாமல் போகலாம், பதிந்ததும் தேய்ந்திருக்கலாம். பழைய புதைபடிவங்களில் வெல்ஸுக்குக் கிடைத்ததும் ஒரே எண் அல்ல, 385 முதல் 410 வரை.