ஓவர்ஃப்ளோ கலங்கினால் உடனே டோஸை ஏற்றாதீர்கள்

இரும்புத்தாது ஆலைகளில் ஷிஃப்ட் மாறும்போது அடிக்கடி கேட்பது இது: "சார், திக்கனர் ஓவர்ஃப்ளோ கலங்கலா வந்துச்சு, ஃப்ளாக்குலண்டை ஏத்திட்டேன்." திக்கனர் என்பது தாதுவைப் பிரித்தபின் மிஞ்சும் கசடைப் படியவைத்து நீரைப் பிரிக்கும் தொட்டி; மேலே வழியும் நீர் ஓவர்ஃப்ளோ; நுண்துகள்களைத் திரளவைக்கும் பாலிமர்தான் ஃப்ளாக்குலண்ட். கொஞ்ச நேரம் தெளியும். அப்புறம் அடிச்சேற்றை நடுவுக்குத் தள்ளும் ரேக்கின் டார்க், அதாவது அதைச் சுழற்றத் தேவைப்படும் முறுக்குவிசை, ஏறும். அளவுக்கு மிஞ்சிய பாலிமர் திரள்களுக்குள் நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால், அடிச்சேறு பம்புக்கு வராமல் ரேக்கோடு சேர்ந்தே சுற்றும்.

சேறு நீரைப் பிடித்துக்கொண்டால் எவ்வளவு நீர் போகிறது என்ற கணக்கையும் பாருங்கள். மணிக்கு 100 டன் திடக்கசடு போகும் ஆலையில் அண்டர்ஃப்ளோ, அதாவது அடியில் வெளியேறும் சேறு, 50 சதவீதத் திடத்தோடு போனால், கூடவே 100 டன் நீரும் போகிறது. 60 சதவீதமானால் 67 டன்தான். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 800 டன் நீர் கசடு அணைக்குப் போகாமல் ஆலைக்கே திரும்பும். 2019 ஜனவரியில் பிரேசிலின் புருமாடினோவில் கசடு அணை உடைந்து 270 பேர் இறந்ததில், அணைக்குள் வடியாமல் நின்ற நீருக்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, டோஸுக்கு முன்னால் எதைப் பார்ப்பது? திக்கனரின் நடுவில் கசடு நுழையும் ஃபீட்வெல்லுக்குள் வரும் ஸ்லரி (நீரும் கசடும் கலந்த குழம்பு) எவ்வளவு கெட்டி என்பதை. நுண்துகள் மிகுந்த கசடு 20 சதவீதத் திடத்துக்கு மேல் வந்தால், பாலிமர் நுழைந்த இடத்துத் துகள்களிலேயே தீர்ந்துபோகும். மற்றவை கலங்கலாக மேலே வழியும். ஓவர்ஃப்ளோ நீரையே கொஞ்சம் திருப்பி நீர்க்க விட்டால் அதே டோஸ் நன்றாக வேலை செய்யும். நீரைப் பிரிக்கும் தொட்டியில் நீரை ஊற்றுவதா என்று புதியவர்கள் முகம் சுளிப்பார்கள். அந்த நீர் உள்ளுக்குள்தான் சுற்றுகிறது.

எவ்வளவு நீர்க்க விடுவது என்பதை அளவு ஜாடியிலேயே கண்டுபிடிக்கலாம். 5, 10, 15, 20 சதவீதத்தில் மாதிரிகள், எல்லாவற்றுக்கும் ஒரு டன் திடத்துக்கு இத்தனை கிராம் என்று ஒரே அளவு டோஸ். நீர்க்க இருப்பது எப்போதும் வேகமாகத்தான் படியும். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. படியும் வேகத்தை லிட்டருக்கு எத்தனை கிராம் திடம் என்பதால் பெருக்குங்கள். எது அதிகமோ அதுதான் உங்கள் இலக்கு. குழாய் நீரில் இதைச் செய்யாதீர்கள், ஆலை நீரின் உப்பும் பிஹெச்சும் முடிவையே மாற்றிவிடும்.

அடுத்தது பாலிமர் கரைசல். தூளை மொத்தமாகக் கொட்டினால் கொதிநீரில் மாவைப் போட்டதுபோலக் கட்டி தட்டும். ஊறவும் நேரம் வேண்டும், குறைந்தது ஒரு மணி. ஊறிய கரைசலைச் சென்ட்ரிஃபியூகல் பம்பில் தள்ளினால் நீண்ட சங்கிலிகள் அறுந்துவிடும். ஸ்க்ரூ பம்ப் போடுங்கள்.

இத்தனையும் ஒழுங்காக இருந்தும் கலங்கினால், தாதுவில் களிமண் கூடியிருக்கலாம். அப்போது டோஸில் கை வையுங்கள்.