செட்டுப் பல் ஏன் மிதக்கிறது?

குளச்சல் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா, கைக்குட்டையைப் பிரித்துக் கீழ்ச்செட்டை என் மேசைமேல் வைத்தார். "டாக்டரே, இது மூணாவது செட்டு. மேல உள்ளது சரி, கீழ உள்ளது மிதக்குது. மரச்சீனிக்கிழங்குகூட மெல்ல முடியல்ல."

செட்டில் குறையில்லை. அது உட்கார வேண்டிய எலும்பு வரப்பு கரைந்துபோயிருந்தது. பல்லெல்லாம் எடுத்துப் பதினைந்து வருடமாகிறது.

மெல்லும் அழுத்தம் பல்வேர் வழியாக இறங்கும்வரைதான் அங்குள்ள எலும்பு நிற்கும். பல்லை எடுத்த முதல் வருடத்திலேயே அந்த இடத்து அகலத்தில் பாதிவரை போய்விடலாம். அதில் பெரும்பங்கு முதல் 3 மாதத்திலேயே. செட்டு போட்டவர்களுக்குக் கீழ்த்தாடைதான் அதிகம் தேயும். மேல்கடைவாயில் வேறு தொல்லை: சைனஸ் என்ற காற்றறை கீழே இறங்கிவிடும். இம்ப்ளாண்ட் (எலும்பில் திருகிப் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) வைக்கலாமென்றால், 4 மி.மீ. எலும்பில் 10 மி.மீ. நீளமுள்ளதை எப்படி நிறுத்துவது?

அங்கேதான் எலும்பு ஒட்டு, அதாவது குறைந்த இடத்தில் எலும்போ துகளோ வைத்துப் புது எலும்பு வளரவைப்பது, தேவைப்படுகிறது. மோவாயிலிருந்தோ கடைவாய்க்குப் பின்னாலிருந்தோ அவரவர் எலும்பையே எடுக்கலாம். இல்லையென்றால் பதப்படுத்திய மாட்டெலும்புத் துகள், செயற்கைக் கால்சியம் பாஸ்பேட் துகள். மாட்டெலும்பு என்றால் முதலிலேயே சொல்லிவிடுவேன். சிலருக்கு மனம் ஒப்பாது, ஒப்ப வேண்டியதும் இல்லை. துகள் பாகற்கொடிக்குப் போடும் பந்தல் மாதிரி. கொடி நம் எலும்புதான். ஈறு எலும்பைவிட வேகமாக வளர்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் மேலே ஒரு சவ்வு வைத்து மூடுகிறோம்.

வளர 4 முதல் 6 மாதம். சைனஸ் பகுதி என்றால் இன்னும் கூடலாம். "வளைகுடாவிலிருந்து ஒரு மாச லீவு, முடிச்சுத் தாங்க" என்று கேட்பவர்கள் நம் மாவட்டத்தில் நிறைய. இந்த லீவில் ஒட்டு, அடுத்த லீவில் இம்ப்ளாண்ட் என்றுதான் சொல்ல முடியும். புகைப்பவர்களுக்கும் சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கும் ஒட்டு சரியாகப் பிடிக்காது. எலும்பு மெலிந்து பலமிழக்கும் நோய்க்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் அதை மறைக்கவே கூடாது. தாடை எலும்பே புண்ணாகி ஆறாமல் போகலாம்.

பின்னால் இம்ப்ளாண்ட் வைக்கும் எண்ணம் இருந்தால், பல்லைப் பிடுங்கும் அன்றே அந்தக் குழியில் துகள் நிரப்பலாமா என்று கேளுங்கள். கரைந்தபின் கட்டுவதைவிட அது எளிது.

அப்புறம், எல்லோருக்கும் ஒட்டு வேண்டாம். அந்த அம்மாவுக்கு நான் வைக்கவில்லை. ஸ்கேனில் பார்த்தபோது முன்தாடையில் எலும்பு போதுமான அளவு மிஞ்சியிருந்தது. அங்கே இரண்டு இம்ப்ளாண்ட் வைத்து, சில மாதம் கழித்துச் செட்டை அவற்றின்மேல் பொத்தான்போல மாட்டினோம்.

போன வாரம் வந்தார். "கெழங்கு சரி டாக்டரே, அண்டிப்பருப்பு கடிக்கலாமா?"