பரணில் கிடந்த கேம் பாய் ஆன் ஆகவில்லையா? முதலில் பேட்டரி அறையைத் திறந்து பாருங்கள்

கையடக்க கேம் கருவிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். கேம் பாய், கேம் பாய் அட்வான்ஸ், சோனியின் பி.எஸ்.பி. (பிளேஸ்டேஷன் போர்ட்டபிள்) என்று வருகிற பழைய கருவிகளில் பாதிக்கு மேல் "செத்துப்போச்சு சார், ஏதாவது பண்ண முடியுமா பாருங்க" என்றுதான் மேசைக்கு வருகின்றன. பிரித்துப் பார்த்தால் போர்டு நன்றாக இருக்கும், திரையும் நன்றாக இருக்கும். கெடுத்தது உள்ளேயே விட்டுவைத்த பேட்டரி. அதற்கு வீட்டிலேயே சிலர் செய்து பார்க்கும் வைத்தியம் கருவியைக் கெடுப்பதோடு நிற்பதில்லை, தீ விபத்து வரை போகக்கூடியது. அதனால்தான் எழுதுகிறேன்.

1989-இல் நின்டெண்டோ வெளியிட்ட முதல் கேம் பாய்க்கு நாலு ஏஏ பென்சில் செல் வேண்டும். நாலும் வரிசையாக இணைந்து 6 வோல்ட் தரும். இரண்டு செல் புதுசு, இரண்டு செல் பழசு என்று கலந்து போட்டால், பலவீனமான செல் முதலில் காலியாகிவிடும். மற்றவை அதன் வழியாகவே மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும். உள்ளே வாயு சேர்ந்து, அழுத்தம் தாங்காமல் செல்லின் அடைப்பு விட்டுவிடும். தீர்ந்துபோன செல்லைப் பல வருஷம் அப்படியே விட்டாலும் கசிவுதான்.

அல்கலைன் செல்லிலிருந்து கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. காற்றிலுள்ள கரியமில வாயு பட்டதும் அது பொட்டாசியம் கார்பனேட்டாக மாறும். ஸ்பிரிங்கில் வெள்ளையாக உப்புப் பூத்த மாதிரி தெரிவது அதுதான். வெறும் கையால் சுரண்டாதீர்கள். தோலை அரிக்கும், கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து. கையுறை போட்டுக்கொண்டு, பட்ஸில் கொஞ்சம் வினிகரைத் தொட்டு வையுங்கள். சுரசுரவென்று நுரைக்கும். நுரை நிற்கும் வரை பட்ஸை மாற்றி மாற்றித் துடைத்து, கடைசியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். எலுமிச்சைச் சாறும் வேலை செய்யும், ஆனால் சர்க்கரையும் சக்கையும் ஒட்டிக்கொள்ளும் என்பதால் நான் வினிகரைத்தான் விரும்புவேன்.

விலை குறைந்த துத்தநாக-கார்பன் செல் என்றால் கதை வேறு. அதில் கசிவது அமிலத் தன்மை உள்ளது. அதன் மேல் வினிகரை ஊற்றிப் பயனில்லை, சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தடவ வேண்டும். எந்த செல் என்பது அதன் மேலுறையிலேயே போட்டிருக்கும், பார்க்காமல் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதை நான் ஏற்பதில்லை. ஸ்பிரிங் மேல் இருக்கும் நிக்கல் பூச்சு போய்விடும், அப்புறம் சீக்கிரமே துரு ஏறும். பூச்சு ஏற்கெனவே போயிருந்தால் ஸ்பிரிங்கையே மாற்றுவது நல்லது.

துடைத்த பிறகும் ஆன் ஆகவில்லையா? மீட்டரில் செல்லைத் தனியாக அளந்து 1.5 வோல்ட் வந்தால் சரி என்று முடிவு கட்டாதீர்கள். சுமை இல்லாதபோது நோஞ்சான் செல்லும் நல்ல எண்ணைக் காட்டும். கருவி ஆன் நிலையில் இருக்கும்போது அளக்க வேண்டும். செல் முனைகளில் 6 வோல்ட்டுக்குப் பக்கமாக இருந்து, போர்டுக்கு 4 தான் போகிறது என்றால், நடுவில் எங்கோ களிம்பு தடுக்கிறது. திரைக்கு இடப்பக்கம் உள்ள சிவப்பு விளக்கு ஒரு நொடி எரிந்து மங்கிவிடுவதற்கும் பல சமயம் இதுதான் காரணம். பவர் ஸ்விட்ச்சுக்குள்ளும் களிம்பு பிடிக்கும். கான்டாக்ட் கிளீனர் (மின்முனைகளைச் சுத்தம் செய்யும் ஸ்பிரே) அடித்து, முன்னும் பின்னும் பல முறை தள்ளிவிட்டாலே பல கருவிகள் எழுந்துவிடும். வீட்டிலிருக்கும் ஏதோ ஒரு அடாப்டரைச் செருகிச் சோதிப்பது மட்டும் வேண்டாம். இந்தக் கருவிக்கு நடு முனை நெகட்டிவ், இன்று கிடைக்கும் பெரும்பாலான அடாப்டர்களில் நடு முனை பாசிட்டிவ்.

இனி லித்தியம். 2003-இல் வந்த கேம் பாய் அட்வான்ஸ் எஸ்.பி.யும், அதற்கு அடுத்து வந்த பி.எஸ்.பி.யும் லித்தியம் அயான் பேட்டரி கொண்டவை. பி.எஸ்.பி.யின் பின்மூடி சரியாக மூடவில்லை என்றால் பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். உள்ளிருக்கும் திரவம் சிதைந்து வாயுவாக மாறியதால் வரும் உப்பல் அது. அழுத்தித் தட்டையாக்குவது, ஊசியால் குத்துவது, "ஒரே ஒரு தடவை சார்ஜ் போட்டுப் பார்க்கலாம்" என்பது, மூன்றுமே கூடாது.

உப்பாமல், ஆனால் சார்ஜே ஏறாமல் இருப்பதும் உண்டு. வெளிச்சார்ஜரின் ஒயர்களை நேரடியாகத் தொட்டு "உயிர் கொடுக்கும்" வீடியோக்கள் ஏராளம். தயவுசெய்து செய்யாதீர்கள். ஒரு லித்தியம் செல் 2 வோல்ட்டுக்கும் கீழே இறங்கி நாள்கணக்கில் கிடந்தால், உள்ளிருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும். மறுபடி சார்ஜ் செய்யும்போது அந்தச் செம்பு கண்ட இடத்தில் படிந்து உள்ளேயே ஷார்ட் ஆகலாம். பேட்டரியிலுள்ள பாதுகாப்பு சர்க்யூட் சார்ஜ் ஏறவிடாமல் கதவை மூடியது காரணத்தோடுதான். அப்படிப்பட்ட செல்லை நான் சார்ஜ் செய்வதில்லை, வாடிக்கையாளர் கெஞ்சினாலும் செய்வதில்லை.

பி.எஸ்.பி. உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள இந்த விபரீதமெல்லாம் தேவையே இல்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டு, அதற்குரிய 5 வோல்ட் அடாப்டரை மட்டும் செருகுங்கள். ஆன் ஆனால் கருவி நலம், புது பேட்டரி போதும். புதுசு வாங்கும்போதும் எம்.ஏ.எச். என்று போட்டிருக்கும் கொள்ளளவு எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். பி.எஸ்.பி.யின் மெலிந்த மாடலுக்குக் கம்பெனி கொடுத்தது 1200 எம்.ஏ.எச். அதே கூட்டில் 3600 என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்றால் அந்தக் கடையையே தவிர்த்துவிடுங்கள்.

உப்பிய பேட்டரியைக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். குப்பை லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும், அந்தத் தீ துப்புரவுப் பணியாளர்களின் பக்கத்தில்தான் எரியும். முனைகளில் டேப் ஒட்டி, உலர்ந்த மணல் போட்ட தகர டப்பாவில், வீட்டுக்குள் இல்லாமல் வெளியே வைத்து, அனுமதி பெற்ற மின்கழிவுச் சேகரிப்பாளரிடம் கொடுங்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் தீர்ந்த பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் வைத்திருக்கின்றன. கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

எடுத்து வைப்பதானால், பென்சில் செல்லைக் கழற்றிவிடுங்கள். லித்தியத்தைப் பாதி சார்ஜில் வைத்து, சில மாதத்துக்கு ஒரு முறை பாருங்கள். வெயில் காயும் கூரைக்கு அடியிலுள்ள பரண் அதற்கு ஏற்ற இடமே இல்லை.

கேட்ரிட்ஜ், அதாவது கருவியில் செருகும் கேம் அட்டை, பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பழைய கேட்ரிட்ஜ்கள் பலவற்றில், சேமித்த ஆட்டத்தைக் காப்பாற்ற ஒரு பட்டன் செல் இருக்கும். அதைக் கழற்றினால் சேமித்தது போய்விடும். சிறுவயதில் அண்ணன் ஆடி வைத்த ஆட்டம் என்று பொத்திப் பாதுகாப்பவர்கள் இருக்கிறார்கள். அதனால் முதலில் கேட்ரிட்ஜ் ரீடர் வைத்துக் கம்ப்யூட்டரில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அதே எண்ணுள்ள, தகடு பற்றவைத்த செல்லாக வாங்கி மாற்றுங்கள். வெறும் பட்டன் செல்லின் மேல் நேரடியாக சால்டரிங் வைத்தால் சூட்டில் அது வெடிக்கலாம்.