பழைய ஸ்கூட்டருக்குச் சக்தி கூட்டுவதற்கு முன் கேசிங்கைத் திறந்து பாருங்கள்

பெரிய சிலிண்டர், அகலமான கார்புரேட்டர், வளைந்து நீண்ட புதிய புகைபோக்கி. பழைய வெஸ்பாவுக்கோ லாம்ப்ரெட்டாவுக்கோ சக்தி கூட்ட முடிவெடுப்பவர்கள் முதலில் வாங்குவது இவற்றைத்தான். இணையத்தில் பணம் கட்டினால் இத்தாலியிலிருந்து வீட்டு வாசலுக்கே வந்துவிடுகின்றன. இவற்றையெல்லாம் சுமக்கப்போகும் அலுமினியக் கேசிங்கோ, அதாவது எஞ்சினின் வெளிக்கூடோ, முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் வார்க்கப்பட்டது. அது எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு பணிமனைக்கு வருபவர்கள் மிகக் குறைவு. பழைய ஸ்கூட்டர் எஞ்சின்களைத் திறந்து வேலை செய்வதையே தொழிலாகக் கொண்ட எனக்கு இது பெரிய கவலை. சிங்கப்பூரில் என் மேசைக்கு வந்த கெட்டுப்போன எஞ்சின்களில் பல, தளர்ந்த கேசிங்கின் மேல் சக்தி கூட்டியதால் கெட்டவை.

சாதாரண மோட்டார் சைக்கிளில் எஞ்சின் சட்டத்துக்குள் அமர்ந்திருக்கும். பின்சக்கரத்தைத் தாங்க வேறொரு கை உண்டு. வெஸ்பாவிலும் லாம்ப்ரெட்டாவிலும் கேசிங்தான் அந்தக் கை. அதன் முன்முனை ஒரு தண்டால் சட்டத்தோடு கோக்கப்பட்டிருக்கிறது. பின்முனையில் அதிர்வுதாங்கி பொருந்துகிறது. சக்கரத்தின் அச்சு கேசிங்கிலிருந்தே வெளியே வருகிறது. ஓட்டுபவரின் எடை, பின்னால் அமர்பவரின் எடை, சாலைப் பள்ளத்தின் உதை, பிரேக் பிடிக்கும்போது எழும் முறுக்கு எல்லாம் இந்த வார்ப்பின் வழியாகவே போகின்றன. அதே வார்ப்புக்குள்தான் பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் சுழல்கிறது, சிலிண்டரில் பெட்ரோல் வெடிக்கும் உதையும் அதன்மேல்தான் விழுகிறது. 1946இல் கொராடினோ தஸ்கானியோ வடிவமைத்த முதல் வெஸ்பாவின் 98 சிசி எஞ்சின் தந்த திறன் மூன்று குதிரைத்திறனுக்குச் சற்றே மேல். பின்னர் வந்த பி200இ என்ற வெஸ்பா ஏறத்தாழ 12 குதிரைத்திறன் தந்தது. அதே பி200இ கேசிங்கிலிருந்து இன்று இருபதுக்கு மேல் எடுக்க விரும்புகிறோம்.

ஈசூனிலிருந்து வந்த ஓர் இளைஞர் நினைவுக்கு வருகிறார். அப்பா ஓட்டிய பி200. வேறொரு பணிமனையில் 68.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டர் பொருத்தியிருந்தார்கள். "அண்ணே, வண்டி நன்றாகப் பறக்கிறது. ஆனால் நிறுத்திய இடத்தில் எண்ணெய்க் கறை படிகிறது, கியர் ஆயிலும் குறைந்துகொண்டே போகிறது" என்றார். "தம்பி, வெள்ளைப் புகை வருகிறதா?" என்று கேட்டேன். வருகிறது என்றார். பிரித்துப் பார்த்தபோது கிளட்ச் பக்கப் பேரிங்கின் வெளிவளையம் கேசிங்குக்குள்ளேயே சுழன்றிருந்தது. பேரிங் ஆடியதில் கிராங்கும் ஆடியது. கிராங்க் ஆடியதில் ஆயில் சீல் கிழிந்து கியர் ஆயில் எரிப்புக்குப் போனது. அதிர்வுதாங்கி பொருந்தும் காதின் அடியில் மயிரிழை விரிசல். பேரிங் துளையைச் சுற்றிப் பழைய பஞ்ச் அடையாளங்கள் இருந்தன. யாரோ பல ஆண்டுகளுக்கு முன்பே தளர்ச்சியைக் கண்டிருக்கிறார்கள். துளையின் விளிம்பைக் குத்தி மேடாக்கிப் பேரிங்கை இறுக்கியிருக்கிறார்கள். அதன்மேல் புது சிலிண்டர் ஏறியிருக்கிறது.

பஞ்ச் அடிப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் அது இன்றும் நடக்கிறது. அலுமினியம் சூட்டில் இரும்பைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும். இந்த எஞ்சின்களின் கிளட்ச் பக்கப் பேரிங்கின் வெளிவிட்டம் 62 மில்லிமீட்டர். கேசிங்கின் சூடு 80 டிகிரி கூடினால், துளை பேரிங்கைவிட ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர் கூடுதலாக விரிந்துவிடும். புதிய கேசிங்கில் பேரிங்கை இறுக்கமாகப் பிடித்திருக்கும் அளவே அவ்வளவுதான். அப்படியிருக்க, குளிர்ந்த நிலையில் பஞ்ச் முனைகளில் மட்டும் ஒட்டி நிற்கும் பேரிங், சூடேறியதும் எதைப் பிடித்துக்கொள்ளும்? தளர்ச்சி மிகச் சிறிதாக இருந்தால் பேரிங்குக்கென்றே உள்ள பிடிப்புப் பசை தாங்கும். அதற்கு மேல் போனால் துளையைப் பெரிதாகக் கடைந்து உலோக வளையம் இறக்கி, கிராங்கின் மையக்கோட்டுக்குச் சரியாக மறுபடி கடைய வேண்டும். காக்கி புக்கிட், சுங்கை காடுட் வட்டாரங்களில் இதைத் துல்லியமாகச் செய்யக்கூடிய லேத் பட்டறைகள் உண்டு. செலவு சிலிண்டரின் விலைக்கு அருகில் வரலாம். வாடிக்கையாளர்கள் தயங்குவது இங்கேதான். நான் அவர்களிடம் சொல்வது: இரண்டுக்கும் பணம் இல்லையென்றால் சிலிண்டரைத் தள்ளிப்போடுங்கள்.

வேகத்தின் கணக்கும் இருக்கிறது. மேலும் கீழும் ஓடும் பிஸ்டனின் இழுவிசை சுழற்சியின் வர்க்கத்துக்கேற்பக் கூடும். நிமிடத்துக்கு 6,000 சுழற்சியில் ஓடிய எஞ்சினை 8,000க்குக் கொண்டுபோனால் அந்த விசை மூன்றில் ஒரு பங்கு அன்று, 78 விழுக்காடு கூடுகிறது. பெரிய பிஸ்டனின் கூடுதல் எடை தனி. சிலிண்டரைக் கேசிங்கோடு பிடித்திருக்கும் நான்கு ஸ்டட்களும் (மரைத்தண்டுகள்) பேரிங் துளைகளும் இதை ஒவ்வொரு சுற்றிலும் வாங்குகின்றன.

நம் ஊரில் ஓட்டும் முறை இதைக் கடுமையாக்குகிறது. உட்லண்ட்ஸில் கடற்பாலத்து நெரிசலில் எஞ்சின் நின்ற இடத்திலேயே ஓடுகிறது. குளிர்விக்கும் விசிறி கிராங்கோடு சேர்ந்து சுழல்வதால், மெதுவாக ஓடும் எஞ்சினுக்குக் காற்றும் குறைவு. முப்பது டிகிரிக்கு மேற்பட்ட வெயிலில் கேசிங் முழுவதும் சூடேறிவிடுகிறது. ஜோகூர் பாருவைத் தாண்டியதும் வடக்கு தெற்கு விரைவுச்சாலை. பின்னிருக்கையில் ஒருவர், பைகள், மூவார் வரை ஆக்சிலரேட்டர் முழுத் திருகல். தைப்பூசத்துக்குப் பத்துமலை வரை இப்படியே போகிறவர்களும் உண்டு. ஐரோப்பியச் சோதனை மேசையில் சில நிமிடங்கள் காட்டிய குதிரைத்திறனை நம்பி இந்தப் பயணத்துக்குக் கிளம்பக்கூடாது.

எஞ்சினைத் திறந்தபின் நான் பார்க்கும் வரிசையைச் சொல்கிறேன். கேசிங்கை முழுதாகக் கழுவி, எண்ணெய் நீக்கி, விரிசல் காட்டும் சிவப்புச் சாயத்தைப் பூசித் துடைத்து, வெள்ளைப் பொடி தெளிக்க வேண்டும். விரிசல் இருந்தால் சிவப்புக் கோடாக எழும். அதிர்வுதாங்கியின் காது, முன்தண்டு போகும் குழாய், கிக்கர் வந்து முட்டும் இடம், சிலிண்டர் அமரும் முகப்பு ஆகியவற்றில்தான் அது பெரும்பாலும் தெரியும். முன்தண்டின் ரப்பர்கள் நைந்திருந்தால் பள்ளத்தின் உதை நேராக வார்ப்பில் இறங்கும். அவற்றை எப்போதும் மாற்றிவிடுகிறேன். அடுத்து ஸ்டட் துளைகள். பழைய அலுமினியத்தில் மரை உரிந்து வருவது வழக்கம். 125, 150 வெஸ்பாக்களில் 7 மில்லிமீட்டர் ஸ்டட், 200இல் 8 மில்லிமீட்டர். மரை சந்தேகமாக இருந்தால் காத்திருக்காமல் எஃகு மரைச்செருகு போட்டுவிடுவது நல்லது. அது மூல மரையைவிட வலுவானது.

வெஸ்பாவுக்கென்று ஒரு தனி நுட்பம் உண்டு. பெரிய சட்ட வெஸ்பாக்கள் பெரும்பாலானவற்றில் பெட்ரோல் கலவை உள்ளே போகும் வாயைத் திறந்து மூடுவது கிராங்கின் வளைந்த பக்கமே. அது கேசிங்கில் உள்ள ஒரு சிறு வளைபரப்பை ஒட்டிச் சுழலும். இடைவெளி ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர். காற்று வடிகட்டி இல்லாமல் ஓட்டினால் மணல் உள்ளே போய் அந்தப் பரப்பைக் கீறிவிடும். கீறல் ஆழமானால் கலவை கார்புரேட்டருக்கே திரும்பித் துப்பும், கிளம்புவது சிரமமாகும், கார்புரேட்டரின் ஜெட் எத்தனை மாற்றினாலும் சரிவராது. அதை நிரப்பிக் கடையலாம். அல்லது அந்த வாயை அகலமாக்கி, மெல்லிய நாக்குகள் திறந்து மூடும் ரீட் வால்வுக்கு மாற்றலாம். மாற்றிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் வழி கடினம். பரப்பு நன்றாக இருந்தால் அதைத் தொட வேண்டாம் என்பதே என் கருத்து.

வலுவூட்டும் வெல்டிங்கைப் பற்றி இப்போது. கலவை மேலே ஏறும் பக்கவழிகள் புது சிலிண்டரில் கேசிங்கின் வழிகளைவிட அகலமாக இருக்கும். இரண்டையும் ஒத்துப்போகச் செய்யக் கேசிங்கை உள்ளிருந்து அரைக்கிறார்கள். சுவர் மெலிந்து, சில வேளைகளில் வெளியே துளை விழுகிறது, ஸ்டட் துளைக்குள்ளும் போய்விடுகிறது. சரியான முறை, அரைப்பதற்கு முன்பே வெளிப்புறத்தில் உலோகம் ஏற்றுவது. பழைய வார்ப்பின் நுண்துளைகளில் பல்லாண்டு எண்ணெய் ஊறியிருக்கும். கழுவியது போதாது, அடுப்பில் சூடாக்கி எண்ணெயை வியர்க்கவைத்து, மறுபடி கழுவ வேண்டும். பிறகு மந்த வாயுக் காப்பில் செய்யும் டிக் வெல்டிங், 5 விழுக்காடு சிலிக்கான் கலந்த அலுமினியக் கம்பி, முன்சூடு, மெதுவான குளிர்ச்சி. வெல்டிங்கின்போது இரு பாதிகளும் ஒன்றோடொன்று முடுக்கப்பட்டிருக்க வேண்டும். தனித்தனியாக வைத்தால் வார்ப்பு கோணிவிடும். முடிந்தபின் கேஸ்கட் முகப்பையும் பேரிங் துளைகளையும் அளந்தே தீரவேண்டும். அளக்கும் கருவி இல்லாத இடத்தில் இந்த வேலையை ஒப்படைக்காதீர்கள். உலோகப் பசையை வெளிச்சுவரைத் தடிப்பாக்கப் பயன்படுத்தலாம். அதிர்வுதாங்கியின் காதில் விழுந்த விரிசலை அதைக்கொண்டு மூடுவது உயிரோடு விளையாடுவது. அந்தக் காது உடைந்தால் பின்சக்கரமே நிலை தவறும்.

லாம்ப்ரெட்டாவில் நோய் இருக்கும் இடங்கள் வேறு. லாம்ப்ரெட்டாவைத் தயாரித்த இத்தாலிய நிறுவனமான இன்னோசென்டி 1971இல் உற்பத்தியை நிறுத்தியபின் அச்சுகள் லக்னோவுக்குப் போயின. விஜய் சூப்பர் ஸ்கூட்டர் அங்கிருந்துதான் வந்தது. லாம்ப்ரெட்டாவின் கேசிங் நீளமான ஒரே வார்ப்பு; காந்தச் சக்கரப் பக்கப் பேரிங் மட்டும் தனிக் கூட்டில் அமர்கிறது. அந்தக் கூடு தளர்வதும் வெடிப்பதும், கியர் அறையை மூடும் தட்டின் ஸ்டட்கள் பிடுங்கிக்கொள்வதும் வழக்கமானவை. முன்பல்சக்கரத்தின் போல்ட் கழன்று சங்கிலி அறுந்தால் கேசிங்கையே உடைக்கும். சக்தி கூட்டும்போது இந்தப் போல்ட்டையும் சங்கிலியையும் புதிதாகப் போடாமல் விடுவதை என்னால் ஏற்க முடியாது.

எல்லாவற்றையும் மூடியபின், ஓட்டுவதற்கு முன் காற்றழுத்தச் சோதனை கட்டாயம். கார்புரேட்டர் வாயையும் புகைபோக்கி வாயையும் அடைத்து, கால் முதல் அரை பார் வரை காற்றேற்றிச் சில நிமிடங்கள் முள் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் கேசிங்கின் கசிவு வழியாகக் காற்று நுழைந்தால் கலவை மெலிந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். விரைவுச்சாலையில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை. இந்தச் சோதனைக்கு ஒரு கைப்பம்பும் இரண்டு ரப்பர் அடைப்பும் போதும்.

சிங்கப்பூரின் சாலை விதிகளையும் பார்த்துவிடுவோம். எஞ்சின் கொள்ளளவை மாற்ற நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் தேவை. ஒப்புதல் இல்லாத புகைபோக்கியும் குற்றம். பி200இன் மூல அளவு 66.5 மில்லிமீட்டர் துளை, 57 மில்லிமீட்டர் வீச்சு, அதாவது 198 சிசி. 68.5 மில்லிமீட்டர் சிலிண்டர் ஏறியதும் அது 210 ஆகிவிடுகிறது. சிறிய மோட்டார் சைக்கிள்களுக்கான 2பி உரிமத்தின் எல்லை 200 சிசி. அதைத் தாண்டிய வண்டியை 2பி உரிமத்தோடு ஓட்டுபவரின் காப்புறுதி விபத்து நேரத்தில் கைகொடுக்கும் என்று யாரும் நம்ப வேண்டாம். 150 வெஸ்பாவில் 63 மில்லிமீட்டர் சிலிண்டர் போட்டால் 177 சிசி. ஒப்புதல் அதற்கும் வேண்டும், ஆனால் உரிம எல்லைக்குள் இருக்கும், கேசிங்குக்கும் மிதமான சுமை. தினமும் ஓட்டுபவருக்கு நான் பரிந்துரைப்பது இந்த அளவைத்தான், அதுவும் உச்ச வேகத்துக்காக அல்லாமல் கீழ்ச்சுழற்சியில் இழுவை வரும்படி.

எஞ்சின் எண் பொறிக்கப்பட்டிருப்பது கேசிங்கில். வெஸ்பாவில் அது அதிர்வுதாங்கி பொருந்தும் கைக்கு அருகே இருக்கிறது. விரிசல் விழும் இடத்துக்கு மிக அருகே. வெல்டிங் செய்பவர் கவனமின்றி அரைத்தால் எண் போய்விடும், ஆண்டுதோறும் நடக்கும் வாகனப் பரிசோதனையில் சிக்கல் வரும். பினாஸ்கோ, மலோசி போன்ற நிறுவனங்கள் வலுவூட்டிய புதிய கேசிங்குகளை விற்கின்றன, அவை தரமானவை; ஆனால் அவற்றுக்கு மாறுவது எஞ்சினையே மாற்றுவதற்குச் சமம், ஆணையத்தின் வழியாகவே போக வேண்டும். 2003 ஜூலை 1க்கு முன் பதிவான மோட்டார் சைக்கிள்கள் 2028 ஜூன் 30க்குப் பிறகு சாலையில் ஓட முடியாது, பழம்பெரும் வாகனத் திட்டங்களில் உள்ளவற்றுக்கு மட்டும் விலக்கு என்று 2018இல் அறிவிக்கப்பட்டது. அந்தத் திட்டங்களை நோக்கிப் போக நினைப்பவர்களுக்கு மூல எண்ணோடு கூடிய கேசிங் எவ்வளவு முக்கியம் என்பதை எண்ணிப் பாருங்கள். வேலைக்குக் கொடுக்கும் முன் எண்ணைத் தெளிவாகப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தை நாடா ஒட்டி மறைக்கச் சொல்லுங்கள்.

வேலை முடிந்த எஞ்சினைக் கடற்பாலத்துக்கு அப்பால் கொண்டுபோக அவசரப்பட வேண்டாம். முதல் சில சூடேற்றங்களுக்குப் பின், எஞ்சின் முழுதும் குளிர்ந்த நிலையில் சிலிண்டர் நட்டுகளை முறுக்குமானியால் சரிபாருங்கள். முதல் 500 கிலோமீட்டரில் கியர் ஆயிலை வெள்ளைத் தட்டில் வடித்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மெல்லிய சாம்பல் நிறம் இயல்பானது. மினுமினுக்கும் அலுமினியச் செதில்கள் தெரிந்தால் வண்டியை ஓட்டிப் பார்க்காமல், எஞ்சினை இறக்கச் சொல்லுங்கள்.